உண்ணி கடித்து ஒன்பதாம் நாள்: வளையம் இல்லை, ஆனால் திட்டு பெரிதாகிறது

கொடிமுல்லை | திங்கள், இரவு 9.20

கொஞ்சம் பதற்றத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது நாளுக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலை, மரங்கள் அடர்ந்த பாதையில் மூன்று மணி நேரம் நடந்தோம். பாதையின் முகப்பிலேயே உண்ணி எச்சரிக்கைப் பலகை இருந்தது. படித்துவிட்டு அரைக்கால் சட்டையோடு உள்ளே போனவள் நான். மறுநாள் இரவு குளிக்கும்போது வலது முழங்காலின் பின்மடிப்பில் ஏதோ நெருடியது. மச்சம் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடி வைத்துப் பார்த்தால் மச்சத்துக்குக் கால்கள் இருந்தன. கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். நகத்தால் கிள்ளி எடுத்து, தண்ணீரில் விட்டு, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் படுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கொசுக்கடி போல ஒரு சின்ன முடிச்சு இருந்தது, அரித்தது, அமுங்கிவிட்டது. மறந்தே போனேன். நேற்று கணவர்தான் பார்த்துச் சொன்னார், “எங்கே இடித்துக்கொண்டாய்? கன்றிப்போயிருக்கிறது” என்று. கடித்த அதே இடத்தைச் சுற்றி நீள்வட்டமாக ஒரு திட்டு. அரிப்பு இல்லை, வலி இல்லை.

இணையத்தில் உண்ணிக்கடியால் வரும் லைம் நோய் என்று தேடினால் வில்வித்தைப் பலகை மாதிரி வளையம் வளையமாகப் படங்கள் வருகின்றன. எனக்கு வளையமே இல்லை. இன்று மதியம் ஒரு மருத்துவரிடம் காட்டினேன். எட்ட இருந்து பார்த்துவிட்டு, சிலந்தி கடித்திருக்கும், இல்லையென்றால் படர்தாமரை என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். களிம்பைப் போட்டுக்கொண்டு சும்மா இருக்கலாமா?

மலையேறி | திங்கள், இரவு 9.41

அக்கா, முதலில் ஒரு பந்துமுனைப் பேனா எடுங்கள். திட்டின் விளிம்பு எங்கே முடிகிறதோ அதை ஒட்டியே சுற்றிக் கோடு போடுங்கள். பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். அளவுகோலைத் தோலோடு ஒட்டி வைத்து ஒரு படம் எடுங்கள். இதை நாளை காலையும் செய்யுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் “பெரிதாகிற மாதிரி இருக்கிறது” என்று சொல்வதைவிட இந்தப் படங்கள் பேசும்.

காய்ச்சல், தலைவலி, கழுத்து வலி ஏதாவது உண்டா?

கொடிமுல்லை | திங்கள், இரவு 10.05

போட்டுவிட்டேன் தம்பி. நீளவாக்கில் 7 செ.மீ., அகலம் 5. காய்ச்சல் இல்லை. இரண்டு நாளாக அசதி இருக்கிறது, வேலைச் சுமை என்று நினைத்தேன்.

இன்னொன்று. நான் மாநிறத்துக்கும் கொஞ்சம் கூடுதல் கறுப்பு. ‘சிவந்த தடிப்பு’ என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். என் காலில் சிவப்பு எங்கே இருக்கிறது? பழுப்பும் ஊதாவும் கலந்த ஒரு நிறம், அடிபட்ட காயம் நாலாம் நாள் தெரியுமே அப்படி.

சுள்ளிக்காடு | திங்கள், இரவு 10.30

வளையம் இல்லையென்றால் லைம் இல்லை, இதில் குழம்ப என்ன இருக்கிறது? சந்தேகமாக இருந்தால் நாளைக்கே இரத்தப் பரிசோதனை கொடுங்கள். நெகட்டிவ் வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

சோதனைக்குழாய் | திங்கள், இரவு 11.52

சுள்ளிக்காடு, இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள், இரண்டுமே தவறு. கோபப்படாதீர்கள், நான் இந்தப் பரிசோதனைகளைச் செய்கிற ஆய்வகத்தில்தான் வேலை பார்க்கிறேன். மருத்துவர் இல்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வளையக் கதையை முதலில் முடிப்போம். இந்தத் தடிப்புக்கு எரித்திமா மைகிரான்ஸ் என்று பெயர், ‘நகர்கிற செம்மை’ என்று அர்த்தம். பெயரிலேயே விஷயம் இருக்கிறது பாருங்கள். உண்ணி விட்டுப்போன பொரெலியா கிருமி, சுருள் கம்பி வடிவத்தில் இருப்பது, கடித்த இடத்திலிருந்து தோலுக்குள்ளேயே நாலா பக்கமும் ஊர்ந்து போகிறது. அது போகிற இடமெல்லாம் உடல் எதிர்வினை காட்டுகிறது. அதனால் திட்டு வளர்கிறது. நடுப்பகுதி தெளிந்து வளையமாகத் தெரிவது சிலருக்குத்தான். வட அமெரிக்காவில் பெரும்பாலான திட்டுகள் ஒரே நிறத்தில் சீராக இருப்பவை. படத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்பதால் வளையம் எல்லா இடத்திலும் ஒட்டப்பட்டுவிட்டது. பார்க்க வேண்டியது வளர்ச்சியை. 5 செ.மீ.யைத் தாண்டுகிறதா, நாளுக்கு நாள் விரிகிறதா, இதுதான் கேள்வி. சிலருக்கு 30 செ.மீ. வரைகூடப் போகும்.

அப்புறம் நாள் கணக்கு. கடித்த ஓரிரு நாளில் வந்து, அரித்து, தானே அமுங்கியது உண்ணியின் எச்சிலுக்கு வந்த ஒவ்வாமை. அது யாருக்கும் வரும், லைம் இல்லை. இந்தத் தடிப்பு 3 முதல் 30 நாளுக்குள் வரும், சராசரியாக ஏழாம் நாள் வாக்கில். உங்கள் எட்டாம் நாள் கச்சிதமாகப் பொருந்துகிறது சகோதரி.

படர்தாமரையா என்றால், அதன் ஓரம் செதில் செதிலாக உரியும், நன்றாக அரிக்கும், மெதுவாகத்தான் பரவும். உங்கள் திட்டின் ஓரத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் படர்தாமரை சந்தேகம் பெரிதும் குறைகிறது. சிலந்திக்கடி என்றால் வலி இருந்திருக்கும்.

இப்போது பரிசோதனை. நாங்கள் தேடுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருளை. அது அளவிடும்படி உருவாகச் சில வாரங்கள் ஆகும். முதலில் எலைசா, அதில் பாசிட்டிவ் அல்லது இரண்டுங்கெட்டானாக வந்தால் உறுதிசெய்ய இரண்டாவது சோதனை, இப்படி இரண்டு படியாகச் செய்வோம். தடிப்பு புதிதாக வந்த நிலையில் கொடுக்கப்படும் இரத்தம் நெகட்டிவ் வருவது எங்களுக்குச் சர்வசாதாரணம். அந்த நெகட்டிவை நம்பித் ‘தூங்கியவர்கள்’ மூன்று மாதம் கழித்து வீங்கிய முழங்காலோடு திரும்பி வருவார்கள். லைம் உள்ள பகுதியில் இருந்து, இந்த மாதிரித் தடிப்பும் இருந்தால், பரிசோதனைக்காகக் காத்திருக்காமல் பார்த்தவுடன் சிகிச்சை தொடங்குவதுதான் மருத்துவ வழிகாட்டுதல். வேறு மருத்துவரைப் பாருங்கள்.

நிறம் பற்றி நீங்கள் கேட்டது மிக முக்கியம், தூக்கம் வருகிறது, நாளை எழுதுகிறேன்.

பழையமுழங்கால் | செவ்வாய், காலை 6.15

அந்த ‘வீங்கிய முழங்காலோடு திரும்பி வருகிறவர்’ நான்தான் ஐயா.

எனக்கு உண்ணி கடித்ததும் தெரியாது, திட்டு வந்ததும் தெரியாது. வந்திருந்தாலும் முதுகிலோ தொடை இடுக்கிலோ வந்து போயிருக்கும், என் கறுப்புத் தோலில் யார் கண்டது. கோடையில் ஒரு வாரம் காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. சளி இல்லை, இருமல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை. இன்று யோசித்தால் அதுவே ஒரு துப்பு. அப்போது மாத்திரை போட்டுக் கடந்துவிட்டேன்.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் காலை இடது முழங்கால் பலாக்கொட்டை மூட்டையாக இருக்கிறது. வினோதம் என்னவென்றால் வீக்கத்துக்குத் தகுந்த வலி இல்லை. மடக்க முடியவில்லை, ஆனால் நடந்தேன். இரண்டு தடவை நீர் எடுத்தார்கள், மறுபடி ஊறியது. வாதம் என்றார்கள், யூரிக் அமிலம் என்றார்கள். கடைசியில் ஒருவர், “காட்டுப்பக்கம் போகும் வழக்கம் உண்டா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் இரத்தம் சோதித்தார்கள், கொட்டை எழுத்தில் பாசிட்டிவ். 28 நாள் மாத்திரை. குணமானது, ஆனால் அந்த வருடம் போனது போனதுதான்.

அம்மா, களிம்பை நம்பி உட்காராதீர்கள்.

சோதனைக்குழாய் | செவ்வாய், காலை 7.40

பழையமுழங்கால் ஐயா சொன்னது தனிக்கதை இல்லை. கறுப்பினத்தவருக்கு முதல் கட்டத் தடிப்பு கண்டுபிடிக்கப்படுவது குறைவு, நேராக மூட்டு வீக்கத்தில் போய் நிற்பது அதிகம் என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நோய் நிறம் பார்த்து வருவதில்லை. பாடப்புத்தகப் படங்கள் வெள்ளைத் தோலை வைத்தே பழகிவிட்டன, மருத்துவர் கண்ணும் அப்படியே பழகியிருக்கிறது.

நம் தோலில் பார்க்க நான் சொல்லும் வழி: மேலே எரியும் குழல் விளக்கு வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சம், அல்லது கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நிறம் ஏமாற்றினாலும் விளிம்பின் நிழல் ஏமாற்றாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சுற்றியுள்ள தோலைவிட லேசான சூடு தெரியலாம். மற்றக் காலின் அதே இடத்தோடு ஒப்பிடுங்கள். ‘சிவப்பு’ என்ற சொல்லைத் தேடாதீர்கள்; பழுப்பு, ஊதா, கன்றல், இவற்றைத் தேடுங்கள்.

இன்னொன்று, நாலைந்து பேரில் ஒருவருக்குத் திட்டே வராமலும் போகலாம்.

இருபிள்ளைத்தாய் | செவ்வாய், காலை 9.10

என் சின்னவனுக்கு இதே லைம் முகத்து நரம்பில் வந்தது. பல் தேய்த்துக் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கம் வழிந்தது. விளையாடுகிறான் என்று திட்டினேன். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான், பாதி முகம்தான் சிரித்தது. வலது கண் மூடவில்லை. அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும்.

காது பின்னால் முடிக்குள் ஒரு திட்டு இருந்ததை மருத்துவமனையில்தான் கண்டார்கள். நாங்கள் தலை வாரியும் கவனிக்கவில்லை. மருந்து முடிந்து சில வாரத்தில் முகம் பழையபடி ஆகிவிட்டது. பிள்ளைகளுக்குத் தலை, காது மடல், கழுத்து, இங்கேயும் தேடுங்கள். முழங்கால் பின்பக்கமும் இடுப்புப் பட்டியும் பெரியவர்களுக்கு மட்டும் இல்லை, பிள்ளைகளுக்கும்தான்.

நெல்லிமரம் | செவ்வாய், காலை 10.25

ஒரு சந்தேகம். பத்திரிகைகளில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று அடிக்கடி வருகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா? அதற்கும் கடித்த இடத்தில் கறுப்பாகத் தழும்பு வரும் என்று படித்தேன்.

சோதனைக்குழாய் | செவ்வாய், காலை 10.58

ஒன்றில்லை. நல்ல வேளை கேட்டீர்கள், தமிழில் இந்தப் பெயர்க் குழப்பம் பெரிய தலைவலி.

தமிழ்ப் பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது பெரும்பாலும் ஸ்கரப் டைஃபஸ். அதைப் பரப்புவது உண்ணி அல்ல, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பூச்சியின் இளம்புழு. கிருமியும் வேறு, ஓரியன்ஷியா என்று பெயர். அதில் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு வரும், கூடவே கடுமையான காய்ச்சல். ஆசியாவில் புதர்ப்பக்கம் போய்வந்து காய்ச்சலோடு அப்படிப் பொருக்கு இருந்தால் அந்தத் திசையில் யோசிக்க வேண்டும். லைம் திட்டில் நடுவில் சின்னப் புள்ளி இருக்கலாம், கறுத்த பொருக்கு இருக்காது. இரண்டுக்கும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கேட்கும் என்பது தற்செயலான அதிர்ஷ்டம்.

லைம் பரவுவது ஐக்ஸோடெஸ் இன உண்ணிகளால். மாட்டுத் தொழுவத்திலும் நாய்க் காதிலும் நாம் பார்த்த கொழுத்த உண்ணிகள் எல்லாம் இந்த வகை இல்லை.

கொடிமுல்லை | செவ்வாய், மாலை 6.47

வந்துவிட்டேன். எல்லோருக்கும் முதலில் நன்றி.

காலையில் பார்த்தபோது பேனாக் கோடு திட்டுக்குள் இருந்தது. ஆமாம், கோட்டைத் தாண்டிவிட்டது. 7 செ.மீ. இருந்தது 9 ஆகிவிட்டது, பத்து மணி நேரத்தில். விளிம்பைத் தடவினேன், செதில் இல்லை. மதியம் லேசான காய்ச்சல், பிடரியில் பிடிப்பு.

வேறு ஒரு மருத்துவரிடம் போனேன். நடுத்தர வயதுப் பெண். படங்களைக் காட்டினேன், பேனாக் கோட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, “யார் சொல்லிக் கொடுத்தது?” என்றார். விளக்கைச் சாய்த்துப் பிடித்து, மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் முதுகு, அக்குள், வயிறு எல்லாம் பார்த்தார். எதற்கு என்று கேட்டேன். கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டால் கடிக்காத இடங்களிலும் சின்னச் சின்னத் திட்டுகள் வருமாம். எனக்கு இல்லை. நெஞ்சு படபடப்பு, மயக்கம், மூச்சு வாங்குதல் உண்டா என்று இரண்டு முறை கேட்டார். குறைவானவர்களுக்கே என்றாலும் இதயத்தின் மின்னோட்டத்தைத் தடை செய்யுமாம், அப்படி ஏதாவது இருந்தால் இசிஜி எடுத்தே ஆக வேண்டும் என்றார். இரத்தம் எடுக்கவில்லை. டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை, பத்து நாள்.

ஒரு வருத்தம். கடித்த உண்ணியை எடுத்த 72 மணி நேரத்துக்குள் போயிருந்தால், 200 மி.கி. ஒரே ஒரு வேளையோடு தடுக்கிற வாய்ப்பு இருந்ததாம். உண்ணி 36 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் அதுவும். சனிக்கிழமை காலையிலிருந்து ஞாயிறு இரவு, கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட அதேதான். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் படுத்தேனே!

மலையேறி | செவ்வாய், இரவு 7.30

விடுங்கள் அக்கா, பலரும் அப்படித்தான். மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கியதும் படுக்காதீர்கள், உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பால், சுண்ணாம்புச் சத்து மாத்திரை இவற்றோடு சேர்த்துப் போடாதீர்கள். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், மூடிக்கொண்டு போங்கள்.

கொடிமுல்லை | புதன், அதிகாலை 3.12

யாராவது விழித்திருக்கிறீர்களா? முதல் மாத்திரை போட்டு ஆறு மணி நேரம். உடம்பு தூக்கிப் போடுகிற மாதிரி குளிர். திட்டு இன்னும் கருஞ்சிவப்பாகத் தெரிகிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா?

சோதனைக்குழாய் | புதன், அதிகாலை 3.30

இரவுப் பணியில் இருக்கிறேன். மூச்சுத்திணறல், உதடு வீக்கம், உடம்பெங்கும் அரிப்புத் தடிப்பு, இவற்றில் ஏதாவது? இருந்தால் உடனே அவசரப் பிரிவு, இதைப் படித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

இல்லையென்றால் இது யாரிஷ்-ஹெர்க்ஸைமர் எதிர்வினையாக இருக்கலாம். கிருமிகள் மொத்தமாகச் செத்து உடையும்போது உடல் காட்டுகிற கொந்தளிப்பு. முதல் 24 மணி நேரத்தில் வரும், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். காலையில் மருத்துவரை அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

கொடிமுல்லை | புதன், அதிகாலை 3.34

நீங்கள் சொன்ன எதுவும் இல்லை. குளிர் மட்டும்தான். இரண்டு போர்வை. நன்றி.

சுள்ளிக்காடு | புதன், காலை 11.05

சரி, வளையம் விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்து நாள் மருந்து போதும் என்பதை நம்ப முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் எட்டு மாதம் நரம்பு வழியாக மருந்து ஏற்றிக்கொண்டார். லைம் உடம்பை விட்டே போகாது என்றார்.

சோதனைக்குழாய் | புதன், பகல் 12.20

தோல்வியை ஒப்புக்கொண்டதற்கு ஒரு வணக்கம்.

முதல் கட்டத்தில் பிடித்தால் 10 முதல் 14 நாள் மருந்தில் பெரும்பாலோர் முழுதாகக் குணமாகிறார்கள். ஒரு சிறு பங்கினருக்கு அசதி, உடல்வலி, ஞாபகத் தடுமாற்றம் மாதக்கணக்கில் நீடிக்கிறது. அது கற்பனை இல்லை, அவர்களை “எல்லாம் மனசில்தான்” என்று அனுப்பிவிடுவது அநியாயம். ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் நிலைத்த பலன் கிடைக்கவில்லை. நரம்பில் நீண்ட நாள் குழாய் வைத்ததால் வரும் தொற்றுதான் மிச்சம். எதிர்ப்பொருள் பரிசோதனை வருடக்கணக்கில் பாசிட்டிவாகவே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை வைத்து ‘இன்னும் போகவில்லை’ என்று சொல்லி மருந்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

நெல்லிமரம் | புதன், மாலை 4.40

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் உண்ணி மேல் மண்ணெண்ணெய் வைத்தால் தானே விழும் என்பார்கள். தீக்குச்சியால் சுடுவதும் உண்டு.

மலையேறி | புதன், மாலை 5.02

வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய், வாசலின், நகப்பூச்சு, நெருப்பு, எதுவும் வேண்டாம். கிருமி இருப்பது உண்ணியின் குடலில். நம் சூடான இரத்தம் உள்ளே போன பிறகுதான் மெல்ல எச்சில் சுரப்பிக்கு நகர்ந்து நமக்குள் வருகிறது, அந்தப் பயணத்துக்குத்தான் ஒரு நாளுக்கு மேல் பிடிக்கிறது. உண்ணியைச் சீண்டினால் வயிற்றில் உள்ளதைக் கக்கிவிடும் ஆபத்து. தானாக விழட்டும் என்று காத்திருந்தால் அந்த நேரத்தையும் நாமே அதற்குக் கொடுக்கிறோம்.

முனை கூரான ட்வீசரால் தோலை ஒட்டி, வாய்ப்பக்கமாகப் பிடித்து, திருகாமல் நேராக நிதானமாக இழுங்கள். வயிற்றைப் பிடித்து நசுக்காதீர்கள். வாயின் துணுக்கு தோலில் தங்கினால் குடைய வேண்டாம், தானே வெளியேறும். உண்ணியை ஒட்டும் நாடாவில் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள்.

போகிற போக்கில் ஒன்று. லைம் என்பது கிருமியின் பெயரும் இல்லை, எலுமிச்சையும் இல்லை, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஊரின் பெயர். 1975 வாக்கில் அங்கே பிள்ளைகளுக்குக் கும்பலாக மூட்டுவாதம் வந்தது. சும்மா இருக்காமல் சுகாதாரத் துறையைத் தட்டி எழுப்பியவர் பாலி மரே என்ற ஒரு தாய். கிருமியை வில்லி பர்க்டார்ஃபர் என்ற ஆய்வாளர் உண்ணிகளுக்குள் கண்டது 1981இல். ஆனால் தோல் தடிப்பை ஸ்வீடனில் அஃப்செலியஸ் என்ற தோல் மருத்துவர் 1909இலேயே உண்ணிக்கடியோடு சேர்த்துச் சொல்லியிருந்தார்.

இருபிள்ளைத்தாய் | புதன், மாலை 5.20

பாலி மரே மாதிரி ஒரு அம்மா எல்லா ஊருக்கும் வேண்டும்.

கொடிமுல்லை | வெள்ளி, இரவு 8.15 (மறுவாரம்)

மாத்திரை இன்று காலையோடு முடிந்தது. அன்று குளிர் விடிவதற்குள் நின்றுவிட்டது. காய்ச்சல் மறுநாளே போனது, பிடரி வலி மூன்றாம் நாள். திட்டு 11 செ.மீ. வரை போய், அங்கேயே நின்று, இப்போது வெளிறிவிட்டது. நாலு நாள் போட்ட நாலு பேனாக் கோடுகளில் கடைசிக் கோடு மட்டும் சோப்புக்கு அசையாமல் இன்னும் இருக்கிறது.

இரண்டு கேள்வி. ஒருமுறை வந்தால் மறுபடி வராதுதானே? நாய்க்குத் தடுப்பூசி இருக்கிறதாமே, நமக்கு?

சோதனைக்குழாய் | வெள்ளி, இரவு 9.00

மறுபடி வரும் சகோதரி, அடுத்த உண்ணி கடித்தால். ஒருமுறை வந்தது கவசம் ஆகாது. மனிதர்களுக்கு 1998இல் ஒரு தடுப்பூசி வந்தது. வாங்குவோர் குறைந்துவிட்டார்கள் என்று 2002இல் தயாரித்த நிறுவனமே நிறுத்திவிட்டது. நாய்கள் நம்மைவிடக் கொடுத்துவைத்தவை.

கொடிமுல்லை | வெள்ளி, இரவு 9.12

நாளைக்கு அதே பாதைக்குக் கணவர் கூப்பிடுகிறார். நீளக் கால்சட்டை, காலுறைக்குள் சொருகிக்கொண்டு. ட்வீசர் பையில் வைத்தாயிற்று. பேனாவும்.